கொயர் பயிற்சியில் வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

ஒரே பிழை வாரா வாரம் திரும்பி வந்தால், "இன்னொரு தடவை பாடுவோம்" என்று சொல்வதில் பயன் இல்லை. காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பப் பாடினால் பிழைதான் மனப்பாடம் ஆகும். நான்கு குரல் பிரிவுகள் (மேலிருந்து கீழாக சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ்) சேர்ந்து பாடும் கொயரை, அதாவது பாடகர் குழுவை, நடத்துபவருக்காக எழுதியது இது. ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவே இல்லாத காரணத்தை முதலில் பாருங்கள், நேரமும் காசும் கேட்கும் காரணங்களை அப்புறம் பாருங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றிச் சரியாகிவிட்டால், எதனால் சரியானது என்று கடைசிவரை தெரியாது.

கையில் இருக்க வேண்டியவை: 440 ஹெர்ட்ஸ் இசைக்கவை, மெட்ரோனோம் (வேகத்தைச் சீராகத் தட்டிக்காட்டும் கருவி), ஒலிப்பதிவுக்கு ஒரு ஃபோன், எல்லாரிடமும் பென்சில், எல்லாரிடமும் ஒரே பார் (தாளக் கட்டம்) எண்கள் போட்ட நோட்ஸ். கடைசியில் உள்ளதைத்தான் பலர் கண்டுகொள்வதில்லை. இரண்டு பதிப்புகள் கலந்து கிடக்கும் கொயரில் "32ஆம் பாரிலிருந்து" என்றால் எல்லாரும் இடத்தைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் ஆகும். அப்படி 20 தடவை நிறுத்தினால் பத்து நிமிடம் போச்சு.

ஃபோனை உங்கள் ஸ்டாண்டில் வைக்க வேண்டாம். அங்கே வைத்தால் முன் வரிசையும் உங்கள் குரலும்தான் பதிவாகும். அறையின் பின்பக்கம், காது உயரத்தில் வையுங்கள்.

அறிகுறி 1: பாட்டு முடியும்போது சுருதி இறங்கியிருக்கிறது

முதலில் கீபோர்டைச் சந்தேகப்படுங்கள். டிரான்ஸ்போஸ் பொத்தான் யார் கையோ பட்டு ஒரு படி மாறியிருக்கலாம். ட்யூனிங் அமைப்பு 440இலிருந்து 442க்குப் போயிருக்கலாம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 8 சென்ட்தான் (ஒரு செமிடோன், அதாவது அரைச்சுரம், 100 சென்ட்), ஆனாலும் வாத்தியத் துணையில்லாமல் பாடிவிட்டுக் கீபோர்டோடு ஒப்பிடும்போது அது குழப்பும். இசைக்கவையைத் தட்டி, கீபோர்டின் நடு ஏ சுரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேலை பத்து விநாடி.

கீபோர்டு சரியாக இருந்தால், எங்கே இறங்குகிறது என்று கண்டுபிடியுங்கள். பாட்டைத் துணையில்லாமல் பாடவைத்து ஒவ்வொரு வரி முடிவிலும் நிறுத்துங்கள். கீபோர்டில் சுரத்தைச் சரிபார்த்து, நோட்ஸில் ஒரு கீழ்நோக்கு அம்போ ஒரு டிக்கோ போடுங்கள். இப்படி இரண்டு சுற்று. அம்புகள் விழுந்திருக்கும் விதத்தைப் பார்த்தால் அடுத்து எந்தக் கிளைக்குப் போவது என்று தெரியும்.

ஒரே இடத்தில் திடீரென விழுந்தால்

ஏதோ ஒரு குரல் ஏதோ ஒரு இடைவெளியைத் தப்பாகப் பாடுகிறது. அந்த இடத்துக்கு இரண்டு பார் முன்னாலிருந்து நான்கு குரல்களையும் தனித்தனியாகப் பாடவையுங்கள். வழக்கமாக மாட்டுபவை நான்கு. இறங்கும் முழுச்சுரத்தை அகலமாக வைப்பது, ஏறும் செமிடோனை (ஸ்கேலின் ஏழாம் சுரமான 'டி'யிலிருந்து மூலச் சுரமான 'டோ'வுக்கு) குறுகலாக வைப்பது, ஒரே சுரம் அடுத்தடுத்து வரும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தொய்வது, பெரிய தாவலுக்குப் பிறகு வந்து சேரும் சுரம் கீழே நிற்பது.

மருந்து: மற்ற மூன்று குரல்களும் 'ம்' என்று டோவைப் பிடித்துக்கொண்டிருக்கட்டும். தப்பும் குரல் அந்த வரியை அதற்கு மேல் மெதுவாக, ஒவ்வொரு சுரத்திலும் நின்று நின்று பாடட்டும். இறங்கும் வரியை மாடிப்படி ஏறுகிற நினைப்போடு பாடச் சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டாவது சுற்றிலேயே வித்தியாசம் கேட்கும்.

இந்த வேலை நடக்கும்போது கீபோர்டை ஓங்கி வாசிக்க வேண்டாம். மேஜர் கார்டின் (டோ, மி, சோ மூன்றும் சேர்ந்து ஒலிப்பது) மூன்றாம் சுரமான 'மி' குரல்களில் தானாக இசைந்து நிற்கும் இடம், கீபோர்டில் உள்ளதைவிடச் சுமார் 14 சென்ட் கீழே. கீபோர்டைப் பார்த்து அந்தச் சுரத்தை மேலே தள்ளினால் கார்டு உரசும். மூலச் சுரத்தையும் ஐந்தாம் சுரத்தையும் முதலில் நிறுத்துங்கள், மூன்றாம் சுரத்தைக் கடைசியாகச் சேருங்கள்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தால்

இங்கே தப்பு பொதுவாக உடம்பிலும் மூச்சிலும் இருக்கும். காசில்லாத காரணத்திலிருந்து தொடங்குவோம். எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறார்கள்? எழுந்து நிற்கச் சொல்லிவிட்டு மறுபடி பாருங்கள். அறை புழுக்கமா? ஜன்னலைத் திறங்கள். நோட்ஸை மடியில் வைத்துத் தலை குனிந்து பாடுகிறார்களா? கண் உயரத்துக்குத் தூக்கச் சொல்லுங்கள்.

அதிலும் நிற்கவில்லை என்றால் உயிரொலியைக் கேளுங்கள். வாய்க்குள்ளேயே அமுங்கும் 'ஆ' கேட்பவருக்குத் தாழ்வாகவே தெரியும். அதே வரியை 'ஈ'யில் பாடவைத்து, அந்தப் பிரகாசம் மாறாமல் 'ஆ'வுக்குக் கொண்டுவாருங்கள்.

கடைசியாக மாற்ற வேண்டியது ஸ்கேல். எஃப் மேஜரிலும் சி மேஜரிலும் இருக்கும் பாடல்கள் சரிவது கொயர் நடத்துபவர்களுக்குப் பழகிய தொல்லை. மெட்டின் சுரங்கள், குரல் கீழ்ப்பகுதியிலிருந்து மேல்பகுதிக்கு மாறும் இடத்திலேயே திரும்பத் திரும்ப நிற்பது ஒரு காரணம். அரைச்சுரம் ஏற்றிப் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் அரைச்சுரம் இறக்கிப் பாருங்கள். பாடுபவர்களிடம் சொல்லாமலே தொடக்கச் சுரத்தை மாற்றிக் கொடுத்தால் சோதனை நேர்மையாக இருக்கும்.

சத்தம் குறைத்துப் பாடும் இடங்களில் மட்டும் இறங்கினால்

சத்தத்தைக் குறைக்கச் சொன்னதும் மூச்சையும் சேர்த்துக் குறைத்துவிட்டார்கள். அந்த இடத்தை முதலில் நடுத்தரச் சத்தத்தில் சுருதி பிசகாமல் பாடவையுங்கள். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் குறையுங்கள். சுருதி ஆட ஆரம்பிக்கும் அளவுக்கு ஒரு படி மேலேதான் அந்தக் கொயரின் இப்போதைய மெல்லிய சத்தம். அதற்குக் கீழே கேட்பது வீண்.

எப்போது வெளியாளை அழைப்பது: ஸ்கேல் மாற்றியும், 'ம்' பிடித்துப் பயிற்சி செய்தும், நான்கு வாரத்தில் மாற்றம் இல்லை என்றால் குரல் பயிற்சியாளர் ஒருவரை ஓரிரு பயிற்சிக்கு வரவழையுங்கள். பியானோ இசைக்கவையோடு சேரவில்லை என்றால் ட்யூனரைத் தவிர வேறு வழி இல்லை. கொயரைத் திட்டிப் பியானோ சரியாகாது.

அறிகுறி 2: தொடக்கம் ஒன்றாக விழவில்லை

இந்தக் கோளாறில் பாடுபவரைவிட நடத்துபவரின் பங்கே அதிகம். ஃபோனைப் பாடுபவர்கள் பக்கத்தில் வைத்து உங்களை வீடியோ எடுங்கள். சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். கையை மட்டும் பார்த்து எப்போது மூச்செடுப்பது, எந்த வேகம், எவ்வளவு சத்தம் என்று மூன்றும் தெரிகிறதா? பாட்டைத் தெரியாத ஒருவரிடம் காட்டிக் கேட்டால் இன்னும் நல்லது.

பார்க்க வேண்டிய வரிசை இது. ஒன்று, உங்களைப் பார்க்கிறார்களா? பார்க்கவில்லை என்றால் முதல் இரண்டு பாரை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். இரண்டு, தொடக்கச் சுரம் எல்லார் காதிலும் இருக்கிறதா? சுரம் கொடுத்துவிட்டு ஐந்து விநாடி அமைதி காத்து, பிறகு 'ம்' என்று எடுக்கச் சொல்லிச் சோதியுங்கள். மூன்று, நீங்கள் மூச்செடுக்கிறீர்களா? கை ஏறும்போது உங்கள் மூச்சும் ஏற வேண்டும். நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றால் அவர்களும் பிடித்துக்கொள்வார்கள். நான்கு, முன்னசைவு (முதல் அடிக்கு முன் கை ஏறும் அசைவு) பாட்டின் வேகத்திலேயே இருக்கிறதா? பதற்றத்தில் முன்னசைவு வேகமாகவும் முதல் அடி மெதுவாகவும் போவதுதான் நாம் அதிகம் பார்க்கும் தப்பு. ஐந்து, அடி விழும் இடம் ஒவ்வொரு தடவையும் ஒரே உயரத்தில் இருக்கிறதா? அடி மிதந்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்தை அடி என்று எடுத்துக்கொள்வார்கள்.

பயிற்சி: முதல் சுரத்தை மட்டும் பத்துத் தடவை எடுங்கள், அதற்கு மேல் போக வேண்டாம். ஒவ்வொரு தடவையும் வேகத்தையும் சத்தத்தையும் சொல்லாமல் மாற்றுங்கள். கையைப் பார்க்காதவர் மூன்றாவது தடவையிலேயே மாட்டிக்கொள்வார். அரை அடியில் தொடங்கும் பாட்டு என்றால் அதற்கு முந்தைய முழு அடியைக் கூர்மையாக, ஒரே அசைவாகக் கொடுங்கள். அரை அடியையும் சேர்த்துக் கையால் காட்டப் போனால் பாதிப் பேர் முன்னால் குதிப்பார்கள்.

இரண்டு மாதம் வீடியோ பார்த்துத் திருத்தியும் நிற்கவில்லை என்றால், அனுபவமுள்ள வேறு நடத்துநர் ஒருவரை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நம் கையின் பழக்கம் நம் கண்ணுக்குத் தெரிவதற்கு ஒரு எல்லை உண்டு.

அறிகுறி 3: தாளம் நிற்கவில்லை

இழுத்தால்

நீங்கள் கொயரின் பின்னால் போகிறீர்களா என்று முதலில் பாருங்கள். இயர்ஃபோனில் மெட்ரோனோமை உங்களுக்கு மட்டும் கேட்கும்படி வைத்து 16 பார் நடத்துங்கள். உங்கள் கை கிளிக்கை விட்டு விலகினால் இழுப்பது நீங்கள். கை விலகாமல் கொயர் மட்டும் விலகினால் அடுத்ததற்குப் போங்கள்.

கையின் அளவைக் குறையுங்கள். இழுக்கிறது என்றதும் பெரிதாக வீசுவது இயல்பு. ஆனால் பெரிய வீச்சுக்கு நேரம் அதிகம் வேண்டும், அது இன்னும் இழுக்கும். முழங்கையை நிறுத்தி மணிக்கட்டால் மட்டும் எட்டு பார் கொடுத்துப் பாருங்கள்.

பிறகு மெய்யொலிகள். சொல்லின் முதல் மெய் அடியின் மேல் விழுந்தால் உயிரொலி அடிக்குப் பின்னால்தான் வரும். நாற்பது பேரும் அப்படிச் செய்தால் பாட்டே தாமதமாகக் கேட்கும். மெய் அடிக்குச் சற்று முன்னால், உயிர் சரியாக அடியில். இதைச் சொன்னால் மட்டும் போதாது, ஒரு வரியைத் தாளத்தில் பேசவைத்துக் காட்ட வேண்டும்.

கொயர் பெரிதாக விரிந்து நின்றால் தூரமும் ஒரு காரணம். ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 10 மீட்டர் தள்ளி நிற்பவரின் சத்தம் கிட்டத்தட்ட 29 மில்லிவிநாடி தாமதமாக வந்துசேரும், 20 மீட்டர் என்றால் 58. முன் வரிசையைக் காதால் கேட்டுப் பின் வரிசை பாடினால், அந்தத் தாமதம் உங்கள் காதுக்கு இரட்டிப்பாக வரும். பின் வரிசைக்கு ஒரே விதி: காதை நம்பாதே, கையைப் பார்.

இதற்கெல்லாம் பொதுவாக உதவும் பயிற்சி ஒன்று உண்டு. அமெரிக்க நடத்துநர் ராபர்ட் ஷா (1916–1999) பெயரோடு சேர்த்துப் பேசப்படும் எண்ணிப் பாடும் முறை அது. சொற்களை எடுத்துவிட்டு, அதே சுரங்களில் 'ஒன் அண்ட் டூ அண்ட் டீ அண்ட் ஃபோர் அண்ட்' என்று பாடுவது. 'த்ரீ' நாக்கில் சிக்கி நேரம் பிடிக்கும் என்பதால் அதை 'டீ' ஆக்குகிறார்கள். நீண்ட சுரத்தைப் பிடித்திருப்பவரும் உள்ளே ஓடும் அரை அடிகளைச் சொல்லியாக வேண்டும். தாளம் எங்கே கசிகிறது என்பது ஒரே சுற்றில் வெளியே வந்துவிடும்.

ஓடினால்

மூன்று இடங்களைப் பாருங்கள்: சத்தம் ஏறும் இடம், நீண்ட சுரம், மௌனம். சத்தம் ஏறினால் வேகமும் ஏறும், இறங்கினால் வேகமும் இறங்கும், எந்தக் கொயரானாலும். அந்த இடத்தை முதலில் சத்தத்தை மாற்றாமல் மெட்ரோனோமோடு பாடுங்கள், பிறகு சத்தத்தை மட்டும் சேருங்கள். நீண்ட சுரத்தை முழுசாகப் பிடிக்காமல் வெட்டுகிறார்களா என்று அறிய, எண்ணிப் பாடுவதே போதும். மௌனத்தில் விரலால் தொடையில் தட்டச் சொல்லுங்கள்.

அறிகுறி 4: சொல் புரியவில்லை

பின்பக்கப் பதிவைக் கேட்டு, புரியாத சொற்களை மட்டும் வட்டமிடுங்கள். எல்லாச் சொல்லையும் அழுத்திப் பாடவைத்தால் வரி துண்டு துண்டாகும். பெரும்பாலும் சிக்கல் சொல்லின் கடைசி மெய்யில் இருக்கும். அது எந்த அடியில் விழ வேண்டும் என்று எண்ணாகவே எழுதச் சொல்லுங்கள்: "நான்காம் அடியில் 'த்'." 'ஸ்' மட்டும் விதிவிலக்கு. எல்லாரும் சொன்னால் சீறும், குரலுக்கு இரண்டு பேர் சொன்னால் போதும். எதிரொலி அதிகமுள்ள அறையில் இவ்வளவு செய்தும் புரியவில்லை என்றால் வேகத்தைச் சற்றுக் குறைப்பதே மலிவான வழி.

அறிகுறி 5: ஒரு குரல் மட்டும் துருத்திக்கொண்டு கேட்கிறது

பெயர் சொல்லி நிறுத்தாதீர்கள். அடுத்த வாரம் அவர் வாயே திறக்க மாட்டார், அல்லது வரவே மாட்டார். அவர் இருக்கும் குரல் பிரிவு முழுவதையும் ஒரு நடுச் சுரத்தில் 'ஊ' பிடிக்கச் சொல்லி, வரிசைக்கு முன்னால் மெதுவாக நடந்து கேளுங்கள். பிறகு 'ஓ', பிறகு 'ஆ'. 'ஊ'வில் சேர்ந்து 'ஆ'வில் பிரிந்தால் அது உயிரொலி வேறுபாடு, சத்தம் அல்ல. வாய் வடிவத்தை எல்லாருக்கும் சேர்த்துத் திருத்தினால் முடிந்தது.

அதற்குப் பிறகும் துருத்தினால் இடத்தை மாற்றுங்கள். இரண்டு பேரை ஒரே சுரம் பிடிக்கவைத்து, இடம் வலம் மாற்றி நிறுத்திக் கேளுங்கள். பிடித்த வரிசையில் மூன்றாமவரைச் சேருங்கள். எட்டுப் பேர் உள்ள குரலுக்கு இது கால் மணி நேர வேலை. பலனைக் கேட்டால் பாடுபவர்களே அசந்துபோவார்கள். துருத்தும் குரலை ஓரத்தில் தள்ளாமல், சுருதி உறுதியான இருவருக்கு நடுவே வையுங்கள். ஆட்களுக்கு நடுவே இடைவெளியையும் ஒரு கை அகலம் கூட்டிப் பாருங்கள். தன் குரல் தனக்குக் கேட்காதவர்தான் கத்துவார்.

கடைசிக் காரணம் அந்தக் குரலில் உள்ள பெரிய அதிர்வு (வைப்ராட்டோ). அதைக் குழுப் பயிற்சியில் அடக்கச் சொன்னால் தொண்டையை இறுக்கிக்கொள்வார். அவரைத் தனியாகக் குரல் பயிற்சியாளரிடம் அனுப்புங்கள்.

அறிகுறி 6: போன வாரம் வந்தது இந்த வாரம் காணோம்

இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட நேரத்தைத் தின்னும் கோளாறு. பாடுபவர்களின் ஞாபகத்தைக் குறை சொல்வதற்கு முன் போன வாரப் பதிவைக் கேளுங்கள். அந்த இடம் எத்தனை தடவை பாடப்பட்டது? அதில் எத்தனை சரி? ஆறு தப்பும் ஒரு சரியும் பாடிவிட்டு "வந்துவிட்டது" என்று அடுத்த பக்கம் போயிருந்தால், அவர்கள் கற்றுக்கொண்டது ஆறு தடவை பாடியதைத்தான். தொடர்ந்து மூன்று தடவை சரியாக வந்த பிறகே நகருங்கள். மூன்றாவது தப்பினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து.

அது நடந்திருந்தும் மறந்தால், சரியாக வந்தது எதைப் பிடித்துக்கொண்டு என்று பாருங்கள். கீபோர்டை நிறுத்திப் பாடவையுங்கள். நின்றதும் சரிந்தால் கற்றது கீபோர்டு வாசிப்பவர் மட்டும். பிறகு குரலுக்கு இரண்டு பேர், மொத்தம் எட்டுப் பேரை மட்டும் பாடவையுங்கள். ஒவ்வொரு குரலிலும் ஒரு பலசாலியின் தோளில் மற்றவர்கள் தொங்கினார்களா என்பது உடனே தெரியும்.

அடுத்தது, எப்போதும் முதல் பக்கத்திலிருந்தே தொடங்குகிறீர்களா என்பது. அப்படியானால் முதல் பக்கம் பளபளப்பாகவும் கடைசிப் பக்கம் ஓட்டையாகவும் இருக்கும். கடைசிப் பகுதியை முதலில் கற்பியுங்கள், பிறகு அதற்கு முந்தையதிலிருந்து கடைசிவரை, இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். பாட்டு போகப் போகத் தெரிந்த இடத்துக்குள் போகும், தைரியமும் கூடும்.

90 நிமிடப் பயிற்சிக்கு ஒரு நல்ல பங்கீடு: குரல் சூடேற்ற 8 முதல் 10 நிமிடம். தெரிந்த பாட்டில் ஒரு பகுதி, 10 நிமிடம். அன்றைக்கு மிகக் கடினமானது, 25 நிமிடம். இடைவேளை 10. இரண்டாவது கடினம், 20. அன்று திருத்திய இடங்களுக்கு மட்டும் மறுபடி ஒரு பார்வை, 5. மிச்ச நேரத்தில் ஒரு பாட்டை நிறுத்தாமல் முழுக்கப் பாடுவது. அந்த 5 நிமிடத்தைத்தான் எல்லாரும் விழுங்கிவிடுகிறோம். அதை விட்டால் அடுத்த வாரம் 15 நிமிடமாகத் திருப்பிக் கட்ட வேண்டிவரும்.

நிறுத்தும் விதத்திலும் நேரம் கசியும். நிறுத்தினால் யார், எந்த பார், என்ன மாற்றம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு எடுங்கள்: "ஆல்டோ, 41, இரண்டாம் சுரம் இன்னும் மேலே, முந்தைய பாரிலிருந்து." பத்து விநாடிக்கு மேல் பேசினால் கூட்டத்தின் கவனம் கலையும். பதிவில் உங்கள் பேச்சு நேரத்தை மட்டும் ஒரு ஸ்டாப்வாட்சில் கூட்டிப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் கொயருக்குப் பயிற்சி குறைவு, உங்களுக்குத்தான் அதிகம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் நிற்கவில்லை என்றால், தயாரிப்பு போதவில்லை என்று அர்த்தம். பயிற்சிக்கு வருமுன் நான்கு குரல்களையும் நீங்களே பாடிப் பாருங்கள். பிறகு ஒன்றை வாசித்துக்கொண்டு இன்னொன்றைப் பாடுங்கள். நீங்கள் தடுமாறும் இடத்தில் அவர்களும் தடுமாறுவார்கள். அங்கே முன்கூட்டியே பென்சிலால் குறித்து, சொல்லப்போகும் வாக்கியத்தையும் ஓரத்தில் எழுதிவையுங்கள்.

அறிகுறி 7: ஒரு குரலைத் திருத்தும்போது மற்றவர்கள் பேசுகிறார்கள்

வேலையில்லாதவர் பேசத்தான் செய்வார். டெனரைத் திருத்தும்போது மற்றவர்கள் தங்கள் வரியை 'ம்' என்று மெல்லப் பாடட்டும், அல்லது டெனர் வரியையே தங்களுக்கு வசதியான ஆக்டேவில் பாடட்டும். ஒரு குரலோடு ஐந்து நிமிடத்துக்கு மேல் தேவைப்பட்டால் அந்தக் குரலுக்குத் தனிப் பயிற்சி வையுங்கள்.

அறிகுறி 8: தொண்டை கட்டுகிறது

பாடுபவர்களுக்கு

சோப்ரானோவையும் டெனரையும் உச்ச இடத்தில் எத்தனை தடவை பாடவைத்தீர்கள் என்று எண்ணுங்கள். தாளமும் சொல்லும் கற்கும் கட்டத்தில் அந்த இடங்களை ஓர் ஆக்டேவ் கீழே, அரைச் சத்தத்தில் பாடட்டும். முழுக் குரல் கடைசி இரண்டு சுற்றுக்குப் போதும். சூடேற்றும்போது மேலே உள்ள சுரங்களுக்கு உடனே ஓட வேண்டாம். ஸ்ட்ரா வழியாகவோ உதட்டை அதிரவிட்டோ நடுச் சுரங்களில் இரண்டு நிமிடம், பிறகு ஐந்து சுரத்துக்குள் ஏறி இறங்குவது, அதற்குப் பிறகுதான் உயரம். தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.

சளி இல்லாமலே கரகரப்பு மூன்று வாரத்தைத் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். பாடும்போது வலித்தாலோ குரல் திடீரென அற்றுப்போனாலோ மூன்று வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். அதுவரை பாடாமல் நோட்ஸைப் பார்த்து உட்கார்ந்திருக்கலாம். கிசுகிசுப்பது ஓய்வு என்று நினைப்பது தப்பு, அதுவும் பலருக்குத் தொண்டையைச் சிரமப்படுத்தும்.

உங்களுக்கு

நீங்கள் எல்லாக் குரலோடும் சேர்ந்து பாடுகிறீர்கள். அதை நிறுத்துங்கள். பாடிக் காட்டுங்கள், அவர்கள் பாடும்போது வாயை மூடிக் கேளுங்கள். நீங்கள் பாடிக்கொண்டிருக்கும் வரையில் மேலே சொன்ன எந்தக் கோளாறும் உங்கள் காதில் முழுசாக விழாது. கூட்டத்தின் சத்தத்துக்கு மேல் கத்தாமல், கையை உயர்த்தி அமைதி வரும்வரை காத்திருங்கள்.

தொண்டையோடு தோளும் வலித்தால் ஸ்டாண்ட் அதிக உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நோட்ஸ் இடுப்புக்குச் சற்று மேலே, கிட்டத்தட்டப் படுக்கையாக இருந்தால் கை அதற்கு மேல் சுலபமாக அசையும். இரண்டு கையும் ஒரே அசைவைச் செய்கின்றன என்றால் இடது கையைக் கீழே விடுங்கள், வேண்டும்போது மட்டும் எடுங்கள். ஸ்டாண்டை இறக்கியும் இரண்டு வாரத்தில் வலி குறையாவிட்டாலோ, விரல் மரத்தாலோ பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். போகும்போது நீங்கள் நடத்தும் வீடியோ ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். வாயால் விவரிப்பதைவிட அதைப் பார்த்தால் அவருக்குச் சீக்கிரம் பிடிபடும்.